செய்குன்று: செராஸ் பூங்காவில் ஒரு வினைத்தொகை

மாணவர்களே, பூங்காவைப் பற்றிக் கட்டுரை என்றாலே 'இயற்கை எழில் கொஞ்சும்' என்று தொடங்கிவிடுகிறோம். செராஸ், பண்டார் துன் ரசாக்கில் உள்ள தாமான் தாசிக் பெர்மைசூரியைப் பாருங்கள். தூண்டில் போட ஏரி உண்டு, குன்றுகளும் உண்டு. ஆனால், அந்தக் குன்றுகள் மனிதர் மண் குவித்து எழுப்பியவை.

இதற்குத் தமிழில் 'செய்குன்று' என்ற பழஞ்சொல் இருக்கிறது. செய்த குன்று, செய்கின்ற குன்று, செய்யும் குன்று என முக்காலத்துக்கும் விரிவதால் இது வினைத்தொகை. வினைத்தொகையில் வலி மிகாது. 'செய்க்குன்று' என்று எழுதினால் புள்ளி போயிடும், கவனம்!

'பெர்மைசூரி'யும் நமக்குப் புதிதல்ல. 'பரமேசுவரி' என்ற வடசொல்லே மலாயில் 'அரசி' என்ற பொருளில் இப்படி வழங்குகிறது.

இனி, கட்டுரைக்கு ஒரு கருத்து. நகரத்து ஏரி அழகுக்கு மட்டும் இல்லை. கனமழையில் தார்ச்சாலை உறிஞ்சாத நீர் கால்வாய் வழியே ஓடிவரும்போது, அதைச் சற்று நேரம் தாங்குவதும் இத்தகைய ஏரிகள்தாம். குப்பையும் வண்டலும் சேர்ந்தால் கொள்ளளவு குறையும். தாழ்வான வீடுகளில் வெள்ளம் ஏறும். மனிதர் அமைத்த பூங்காவை மனிதர்தான் பராமரிக்கணும். அழகை வருணித்த பிறகு, இந்தப் பொறுப்பையும் ஒரு பத்தியாக எழுதுங்கள்.