ஏறினால் குறைவு, இறங்கினால் அதிகம்

தைராய்டு ரிப்போர்ட் கைக்கு வந்ததும் எல்லோர் கண்ணும் டி.எஸ்.எச். வரியில்தான் போய் நிற்கும். அந்த எண் ஏறியிருந்தால் ‘தைராய்டு கூடிப்போச்சு’ என்று வீட்டில் பேச்சு கிளம்பிவிடும். விஷயம் நேர்மாறு. டி.எஸ்.எச்.சைத் தைராய்டு சுரப்பதே இல்லை. மூளையின் அடியிலிருக்கும் பிட்யூட்டரி சுரக்கிறது. வேலை மந்தமானால் மேஸ்திரி குரலை உயர்த்துவதுபோல, கழுத்துச் சுரப்பி தளரும்போது பிட்யூட்டரி டி.எஸ்.எச்.சைக் கூட்டும். சுரப்பி அளவுமீறிச் சுரந்தால் குறைத்துக்கொள்ளும்.

இயல்பு எல்லை ஏறத்தாழ 0.4 முதல் 4 வரை. லேபுக்கு லேப் கொஞ்சம் மாறும். பிட்யூட்டரி பொல்லாத கறார்ப் பேர்வழி. தைராய்டு சுரக்கும் ஹார்மோனான டி4 ரத்தத்தில் பாதியானால் டி.எஸ்.எச். நூறு மடங்கு வரைகூட எகிறும்.

அதனால்தான் இப்படியும் ரிப்போர்ட் வருகிறது: டி.எஸ்.எச். 6.8, பக்கத்தில் தடித்த எழுத்தில் ‘எச்’, அதாவது அதிகம். ஃப்ரீ டி4 மட்டும் 1.1, எல்லைக்குள்ளேயே. இதைச் சப்-கிளினிக்கல் ஹைப்போதைராய்டு என்பார்கள். பெரும்பாலும் உடனே மாத்திரை கிடையாது. சில வாரம் விட்டு மறுபடி பார்ப்பார்கள், தைராய்டுக்கு எதிரான ஆன்டிபாடியைத் தேடும் ஆன்டி டி.பி.ஓ. டெஸ்ட்டும் எடுக்கச் சொல்லலாம். தானாக இறங்கிவிடுவதும் உண்டு. கர்ப்பிணி என்றால் மட்டும் காத்திருக்கக் கூடாது.

அந்த ‘ஃப்ரீ’ முக்கியம். டி4-இல் மிகப் பெரும்பங்கு புரதத்தில் ஒட்டிக் கிடக்கிறது; ஒட்டாத துளிதான் வேலை செய்கிறது. கர்ப்பத்தில் அந்தப் புரதம் கூடுவதால் மொத்த டி4 ஏறித் தெரியும், நோய் இல்லாமலே. சலுகை விலை ‘பேக்கேஜ்’களில் பெரும்பாலும் மொத்த அளவைத்தான் பார்க்கிறார்கள்.

டி4 மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு: டி4 ரத்தத்தில் பாதியாகவே ஒரு வாரம் ஆகும். அதனால் டோஸ் மாற்றினால் ஆறு வாரமாவது கழித்துத்தான் டெஸ்ட். மாத்திரையை மாதக்கணக்கில் விட்டுவிட்டு, டெஸ்ட்டுக்கு முந்தின நாலு நாள் மட்டும் ஒழுங்காக விழுங்குபவர்களின் டி4 சரியாகவே இருக்கும், டி.எஸ்.எச். இறங்கியிருக்காது. அனுபவமுள்ள டாக்டருக்கு இந்த ஜோடியைப் பார்த்ததும் சிரிப்பு வரும்.

இன்னொரு வம்பு பயோட்டின் என்ற வைட்டமின். முடி கொட்டுகிறதே என்று சாப்பிடுகிறோம். அதே முடிக்காகத்தான் தைராய்டு டெஸ்ட்டுக்கும் போகிறோம்! பல லேப் கருவிகள் பயோட்டினின் ஒட்டும் குணத்தை வைத்தே அளக்கின்றன. ரத்தத்தில் அது மிகுந்தால் டி.எஸ்.எச். குறைவாகவும் டி4 அதிகமாகவும் பொய்க்கணக்கு வரும். 2017-இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இதுபற்றி எச்சரித்தது. டாக்டரைக் கேட்டு, குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்திவிடுங்கள். லேபில் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.