மாரியும் துள்ளுமாரியும்

வந்தது மழை! வருமா, வராதா என்று வானத்தைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்து, இனி இந்தப் பக்கம் எட்டிப் பாராது என்று ஊரே முடிவு கட்டிய பிறகு, புரட்டாசி மாலை ஒன்றில் கிழக்கே கருத்து, இடித்து, கொட்டித் தீர்த்தது.

கணபதி என்றதும் கோவைத் தோழர்களுக்கு நினைவுக்கு வருவது வார்ப்படச்சாலைப் புகை. லேத்துப் பட்டறை இரைச்சல். ஷிப்டு முடிந்து சத்தி சாலையில் சைக்கிளும் மோட்டார் சைக்கிளுமாய்ப் பெருகும் கூட்டம். ஆனால் விளாங்குறிச்சிப் பக்கம் திரும்பினால், மனைகளாகக் கூறு போட்டது போக, மிச்சம் மீதியாய்த் தோட்டங்கள் சில இன்றும் உண்டு. அப்படி ஒன்றின் சாளையில்தான் அன்று ஒதுங்கி நின்றோம்.

மழையை மனிதன் வரவேற்றதைக் கவிஞர் பாடட்டும். தோட்டத்து உயிர்கள் வரவேற்றதை நாம் கண்டோம். கட்டுத்தரையில் காங்கேயம் காளை மூக்கை உயர்த்தி மண் மணத்தை இழுத்தது. எருமையோ, ஓடவும் இல்லை, ஒதுங்கவும் இல்லை; முதுகில் நீர் வழிய, பெருந்தனக்காரர் எண்ணெய்க் குளியலுக்கு அமர்ந்தது போல் கண்ணை மூடிக்கொண்டது. வெள்ளாட்டுக்கு மட்டும் மழை ஆகாது. முதல் துளி விழுந்ததுமே திண்ணைக்குத் தாவி, நம்மை இடித்துத் தள்ளி, இடம் பிடித்துக்கொண்டது. இருட்டியதும் கூடிற்றே தவளைகளின் பொதுக்கூட்டம்! எல்லோரும் பேசுகிறார்கள், கேட்பார் இல்லை. நாம் அறியாத கூட்டமா அது!

இந்த வரவேற்புக்குக் காரணம் உண்டு. ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவமழையை மேற்கு மலைத்தொடர் தன் மார்பிலேயே வாங்கிக்கொள்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியே நமக்கு வருவது காற்றும் சாரலும். இதே மாவட்டத்து வால்பாறை மலையில், சின்னக்கல்லாற்றில், ஆண்டுக்கு 3000 மில்லிமீட்டரைத் தாண்டிக் கொட்டுகிறது. கோவைச் சமவெளிக்கோ ஆண்டு முழுவதும் சேர்த்து 700 மில்லிமீட்டரை ஒட்டித்தான். அதிலும் ஏறக்குறைய பாதி, புரட்டாசிக் கடைசி தொடங்கிக் கார்த்திகை தாண்டும் வரை. மலைக்கு மறைவில் இருப்பதால் வந்த வறட்சி இது. இதற்குத்தான் கழுதைக்குக் கழுதையைக் கட்டி வைத்து, மேளமும் கொட்டி, மழையை அழைக்கிறார்கள்! மணமக்களைக் கேட்டால் வேறு கதை சொல்லும்.

சாளையில் ஒரு மூதாட்டி இருந்தார். ஆறு செம்மறியும் இந்த ஒரு வெள்ளாடுமே அவருடைய பாங்கி, பத்திரம் எல்லாம். "மழை வந்துருச்சே, மகிழ்ச்சிதானே ஆத்தா?" என்றோம். அவர் முகத்தில் மகிழ்ச்சி இல்லை.

"மழை வந்தாப் புல்லு வருமுங்க தம்பி. புல்லு வந்தா அதும் பின்னாலயே அவ வருவா. போன வருசம் நாலு குட்டிங்க. காலைல துள்ளிட்டு இருந்துச்சு, சாயங்காலம் இல்லீங்க. மாரியாத்தா கோவமுங்க, வேறென்ன சொல்றது?"

நாலு குட்டிகள்! பேத்தியின் படிப்புச் செலவு அதற்குள் இருந்ததாம்.

தோழர்களே, மாரி என்பது மழைக்குத் தமிழன் வைத்த பெயர். பாரி ஒருவனே வள்ளலா, மாரியும் உண்டே என்று கபிலர் சொன்னது இந்த மழையைத்தான். அந்த அழகான சொல், எப்படியோ, அம்மனுக்கு ஆயிற்று. அம்மனிடமிருந்து நோய்க்கு ஆயிற்று. மாட்டுக்கு வந்தால் கோமாரி. ஆடு துள்ளி விழுந்து மடிந்தால் துள்ளுமாரி. பெயரிலேயே தீர்ப்பு எழுதிவிட்டால் விசாரணை எங்கே நடக்கும்?

நாம் விசாரிப்போம். துள்ளுமாரி எங்கிருந்தோ வருவதன்று. அதன் கிருமி ஆட்டின் குடலிலேயே கொஞ்சமாய்க் குடியிருக்கிறது. மழைக்குப் பின் முளைத்த இளம்புல்லைப் பசியோடு போய் வயிறு முட்ட மேய்ந்தால், கிருமி பல்கிப் பெருகி நஞ்சைக் கக்குகிறது. சில மணி நேரத்தில் கதை முடிகிறது. அதிகம் தின்னும் கொழுத்த குட்டிதான் முதலில் விழும். ஏழைக்கு எது அருமையோ, அதுவே போகும். இன்னொன்று, இதே பருவத்தில் செம்மறியைத் தாக்கும் நீலநாக்கு நோய். உதடு வீங்கும், கால் நொண்டும். சேற்றிலும் ஈரச் சாணத்திலும் பிறக்கும், கொசுவினும் சிறிய பூச்சி ஒன்று கடித்துப் பரப்புவது அது. பட்டியில் ஈரம் தேங்கினால் அந்தப் பூச்சிக்குக் கொண்டாட்டம்.

இரண்டுக்கும் தடுப்பூசி உண்டு. கால்நடைகளுக்கான தடுப்பு மருந்து தயாரிக்கவென்றே இராணிப்பேட்டையில் 1932 முதல் ஒரு நிலையம் நடக்கிறது. ஊசியின் வலிமைக்குச் சான்று வேண்டுமா? உலகில் மனிதன் அடியோடு ஒழித்துக்கட்டிய நோய்கள் இரண்டே இரண்டு. ஒன்று பெரியம்மை, 1980இல் ஒழிந்ததாக அறிவித்தார்கள். மற்றது மாடுகளைக் கொட்டடி கொட்டடியாய் வாரிக்கொண்டு போன வெக்கை நோய், 2011இல். இரண்டையும் விரட்டியது தடுப்பூசி, தீச்சட்டியன்று.

ஆனால் ஊசி மழைக்கு முன்னே வர வேண்டும். ஆடியிலேயே மருந்து மருந்தகத்தில் இருக்க வேண்டும்; முகாம் எந்த நாள் என்று தண்டோரா போட்டாவது பட்டிக்காரருக்குத் தெரிவிக்க வேண்டும். குட்டி செத்த பிறகு ஐப்பசியில் வரும் மருந்தால் யாருக்குப் பயன்? கேட்க வேண்டிய இடத்தில் இதைக் கிளைக் கழகத் தோழர்கள் கேட்டார்களா? புரட்டாசியில் ஊர் கவிச்சியை ஒதுக்குவதால் ஆட்டுக்குக் கத்தியிலிருந்து ஒரு மாத விடுமுறை; நோயிடமிருந்து அதற்கு விடுமுறை இல்லை.

மூதாட்டியிடம் மெல்லக் கேட்டோம், இந்த ஆண்டு ஊசி போட்டாரா என்று. போட்டிருந்தார்! பவுண்டரியில் வேலை செய்யும் பேரன் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு ஆடுகளை ஓட்டிப் போயிருக்கிறான். "கூழும் ஊத்துனனுங்க, ஊசியும் போட்டனுங்க. எது காப்பாத்துதோ காப்பாத்தட்டும்" என்றார். கூழ் எங்கே போயிற்று, ஊசி எங்கே போயிற்று என்று விளக்க வாயெடுத்தோம். பேரன் கண்ணைக் காட்டினான், விட்டுவிட்டோம்.

நான்காம் நாள் மறுபடி போனோம். வரப்பெல்லாம் பச்சை. பட்டிக்குள் சாம்பல் தூவி, ஈரம் போகப் பெருக்கியிருந்தார்கள். ஆடுகள் பச்சையைப் பார்த்துப் பார்த்துக் கத்துகின்றன. மூதாட்டி படலைத் திறக்கவில்லை. முன்னே காய்ந்த சோளத்தட்டை அள்ளிப் போட்டிருந்தார்.

"திறந்துவிடக் கூடாதா ஆத்தா, பாவம்?"

"மொதல்ல இதத் திங்கட்டுமுங்க. பாதி வயிறு ரொம்புனாத்தான் வெளிய விடோணும்னு ஊசி போட்ட டாக்டரு சொன்னாரு. கத்துனாக் கத்தட்டும்."