விலகி நிற்கச் சொன்ன காலத்தில் பிரசவம்

2020-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கொரோனா தொற்று நாடு நாடாகப் பரவியபோது, பெரும்பாலான மருத்துவமனைகள் முதலில் எடுத்த முடிவு, காத்திருக்கக்கூடிய சிகிச்சைகளை நிறுத்திவைப்பது என்பதாகும். கண்புரை அறுவை, மூட்டு மாற்று அறுவை, குடலிறக்கச் சிகிச்சை போன்றவை சில மாதங்கள் தள்ளிப்போயின. நோயாளிகள் அவதிப்பட்டாலும் அவற்றுள் பெரும்பாலானவை உயிருக்கு உலை வைக்கவில்லை. பிரசவம் அந்த வரிசையில் சேராது. கருவுற்று ஒன்பது மாதம் நிறைந்த பெண்ணுக்கு ஊரடங்கு முடியும்வரை வலி காத்திருப்பதில்லை. வலி வந்த பின்னும் அவளுக்குத் தேவைப்படுவது பிறர் கைதொட்டுச் செய்யும் உதவி. நோய்ப்பரவலைத் தடுக்க மனிதர்கள் ஒருவரை விட்டு ஒருவர் விலகி நிற்க வேண்டும் என்பது ஒரு நியாயம். பிரசவிப்பவளை ஒருவர் அருகிலிருந்து கவனிக்க வேண்டும் என்பது மற்றொரு நியாயம். பெருந்தொற்றுக் காலத்தில் தாய்மார்களுக்கு நேர்ந்த துன்பத்தின் பெரும்பகுதி, முதல் நியாயத்தை நிறைவேற்றும் அவசரத்தில் இரண்டாவது மறக்கப்பட்டதால் விளைந்தது.

கர்ப்ப காலத்திலோ, பிரசவத்தின்போதோ, கர்ப்பம் முடிந்த 42 நாட்களுக்குள்ளோ, கர்ப்பத்தோடு தொடர்புடைய காரணத்தால் ஒரு பெண் இறப்பதைத் தாய் இறப்பு என்று மருத்துவப் புள்ளியியல் வரையறுக்கிறது. ஐக்கிய நாடுகள் அமைப்புகளின் மதிப்பீட்டின்படி, உலகில் 2020-இல் ஏறத்தாழ 2,82,000 ஆக இருந்த இத்தகைய இறப்புகள் 2021-இல் 3,22,000 ஆக உயர்ந்தன. ஓராண்டில் கூடிய இந்த 40,000 இறப்புகளையும் கிருமியின் கணக்கில் மட்டும் எழுதிவிட முடியாது. அதன் பங்கு எது, அதைச் சுற்றி எழுந்த ஏற்பாடுகளின் பங்கு எது என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கிருமியின் பங்கு சிறிதன்று. கர்ப்பம் வளர வளரக் கருப்பை மேலெழும்பி, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தை மேல்நோக்கித் தள்ளுவதால், மூச்சை வெளிவிட்ட பின் நுரையீரலில் தங்கும் காற்றின் அளவு குறைகிறது. அதே வேளையில் உடலுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவோ கூடுகிறது. ரத்தம் உறையும் தன்மை மிகுகிறது. தந்தையின் மரபணுவைப் பாதியாகக் கொண்ட கருவை உடல் அந்நியப் பொருளாகக் கருதி விலக்கிவிடாதபடி நோயெதிர்ப்பு மண்டலமும் தன் போக்கைச் சற்று மாற்றிக்கொள்கிறது. இந்த நிலையில் நுரையீரலைத் தாக்கும் தொற்று வந்தால், தாங்குவதற்குரிய இடைவெளி மிகக் குறுகியதாகிவிடுகிறது. 15 முதல் 44 வயது வரையிலான, நோய் அறிகுறிகளோடு இருந்த ஏறத்தாழ நான்கு லட்சம் பெண்களின் தகவல்களை ஆராய்ந்த அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2020 நவம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, அவர்களுள் கர்ப்பிணிகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்படும் வாய்ப்பு மற்றப் பெண்களைக் காட்டிலும் மூன்று மடங்காகவும், இறக்கும் வாய்ப்பு 1.7 மடங்காகவும் இருந்தது.

இது புதிய செய்தியும் அன்று. 1918-இன் இன்ஃப்ளூயன்சா கொள்ளைநோயில், அமெரிக்காவின் ஜான் ஹாரிஸ் என்ற மருத்துவர், மகப்பேறு மருத்துவர்களிடமிருந்து 1,350 கர்ப்பிணிகளின் விவரங்களைத் திரட்டி மறு ஆண்டில் வெளியிட்டபோது, அவர்களுள் 27 விழுக்காட்டினர் இறந்திருந்ததும், நிமோனியா கண்டவர்களில் பாதிப்பேர் பிழைக்காததும் தெரியவந்தன. 2009-இன் பன்றிக் காய்ச்சலிலும் இதே போக்குத் தென்பட்டது. அமெரிக்க மக்கள்தொகையில் ஏறத்தாழ ஒரு விழுக்காடாக இருந்த கர்ப்பிணிகள், அந்நோயால் இறந்தோரில் ஏறத்தாழ ஐந்து விழுக்காடாக இருந்தனர். நூறாண்டுக் காலமாகப் பதிவாகியிருந்த உண்மை, 2020-இல் திட்டம் தீட்டியவர்களின் மேசைக்கு வந்து சேரவில்லை என்பது வியப்புக்குரியது.

ஏற்பாடுகளின் பங்கைப் புரிந்துகொள்ள, செரீன் தாடியஸ், டெபோரா மெய்ன் என்னும் இரு ஆய்வாளர்கள் 1994-இல் முன்வைத்த 'மூன்று தாமதங்கள்' என்ற விளக்கம் உதவுகிறது. தாய்மார்கள் பெரும்பாலும் இறப்பது பிரசவத்துக்குப் பிந்திய ரத்தப்போக்கு, உயர் ரத்த அழுத்தத்தால் வரும் வலிப்பு, கிருமித் தொற்று ஆகியவற்றால். இவை எவையும் மருத்துவத்துக்குப் புதியவை அல்ல, மருந்தில்லாதவையும் அல்ல. ஆகவே, இறப்புக்குக் காரணம் தாமதமே என்றும், உதவி தேட முடிவெடுப்பதில் ஒன்று, மருத்துவமனையைச் சென்றடைவதில் மற்றொன்று, சென்ற பின் உரிய சிகிச்சை கிடைப்பதில் இன்னொன்று என்று அது மூன்று இடங்களில் நேர்கிறதென்றும் அவர்கள் விளக்கினர். அடங்காத ரத்தப்போக்கு இரண்டு மணி நேரத்துக்குள் உயிரைக் கொண்டுபோய்விடக்கூடும் என்பதை நினைத்தால், இந்தத் தாமதங்கள் நாட்கணக்கில் அளக்கப்படுவன அல்ல என்பது விளங்கும். பெருந்தொற்று இம்மூன்றையும் ஒரே நேரத்தில் நீட்டித்தது: மருத்துவமனைக்குப் போனால் நோய் தொற்றிக்கொள்ளும் என்ற அச்சம் முதலாவதை, பேருந்தும் ஆட்டோவும் ஓடாத தெருக்கள் இரண்டாவதை, பரிசோதனை முடிவுக்காகக் காத்திருந்த வாயில்கள் மூன்றாவதை.

இதன் விளைவைத் துல்லியமாகக் காட்டிய ஆய்வுகளுள் நேபாளத்தில் நடந்தது குறிப்பிடத்தக்கது. அங்கு ஒன்பது மருத்துவமனைகளில் பிரசவங்களை ஏற்கனவே நேரில் கண்காணித்துப் பதிவு செய்துவந்த ஆய்வுக்குழு ஒன்று இருந்தபடியால், 2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்தபோது அதற்கு முந்திய நிலையையும் பிந்திய நிலையையும் ஒரே அளவுகோலால் ஒப்பிட முடிந்தது. வாரத்துக்குச் சராசரியாக 1,261 ஆக இருந்த பிரசவங்கள் 651 ஆகக் குறைந்தன. கருவுற்ற பெண்களின் எண்ணிக்கை ஒரே வாரத்தில் பாதியாகிவிட முடியாது என்பதால், எஞ்சியவர்களுள் பலர் வீட்டிலோ வழியிலோ வேறெங்கோ பெற்றெடுத்திருக்க வேண்டும். மருத்துவமனைக்கு வந்தவர்களிடையே, ஆயிரம் பிறப்புகளுக்கு 14 ஆக இருந்த குழந்தை இறந்து பிறத்தல் 21 ஆகவும், பிறந்த குழந்தைகளின் இறப்பு ஆயிரத்துக்கு 13-இலிருந்து 40 ஆகவும் உயர்ந்தன. சிக்கல் முற்றியவர்களே துணிந்து வந்ததும் இந்த உயர்வுக்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அப்படிக் கொண்டாலும், வீட்டிலேயே தங்கிவிட்டவர்களுக்கு நேர்ந்தது இந்தக் கணக்கில் வரவே இல்லை என்பதும் உடன் நிற்கிறது. வராமற்போனவர்களுள் சமூகத்தில் பின்தங்கிய இனக்குழுப் பெண்களின் பங்கு கூடுதலாக இருந்தது. மற்றொரு நுட்பமான செய்தியும் அந்த ஆய்வில் உண்டு. ஊரடங்குக் காலத்தில் பணியாளர்கள் கைகழுவும் பழக்கம் முன்னைவிட மேம்பட்டது. ஆனால் வலி நேரத்தில் கருவின் இதயத் துடிப்பைக் கேட்டுப் பார்ப்பது குறைந்தது. கைகள் தூய்மையாயின, அவை தாயின் வயிற்றின் மேல் வைக்கப்படுவதோ அருகிப் போயிற்று.

ஆப்பிரிக்கா இதற்குச் சில ஆண்டுகள் முன்னரே எச்சரித்திருந்தது. சியரா லியோனில் 2014–15-இல் எபோலா பரவியபோது, மருத்துவ நிலையங்களுக்கு மக்கள் வராததால் கூடுதலாக நேர்ந்த தாய் இறப்புகள், சிசு இறப்புகள், இறந்து பிறத்தல்கள் ஆகியவை மிகக் குறைந்த மதிப்பீட்டின்படியே ஏறத்தாழ 3,600 என்று பின்னர் கணக்கிடப்பட்டது. எபோலாவாலேயே அந்நாட்டில் இறந்தோர் ஏறத்தாழ 4,000 பேர்.

இந்தியாவில் 2020 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்த ஊரடங்கின் விளைவை ஜோத்பூரின் எய்ம்ஸ் மருத்துவர்கள் நடத்திய ஆய்வு காட்டுகிறது. அங்கு மருத்துவமனைப் பிரசவங்கள் 45 விழுக்காடு குறைந்தன. வந்த பெண்களில் மூன்றில் ஒரு பங்கினர் கர்ப்பகாலப் பரிசோதனைகளை முறையாகச் செய்துகொள்ளாதவர்கள். போக்குவரத்தின்மையும் தொற்று அச்சமுமே அதற்கு முதன்மையான காரணங்கள். கர்ப்பகாலப் பரிசோதனை என்பது ரத்த அழுத்தம் பார்ப்பதும், சிறுநீரில் புரதம் உள்ளதா என்று அறிவதும், ரத்தசோகைக்கு இரும்புச் சத்து மாத்திரை தருவதுமான எளிய காரியம்தான். அந்த எளிய காரியம் தவறும்போது, ஏழாம் மாதத்தில் ஒரு மாத்திரையால் அடங்கியிருக்கக்கூடிய ரத்த அழுத்தம் ஒன்பதாம் மாதத்தில் வலிப்பாக வந்து நிற்கிறது. கட்டுப்படுத்தப்பட்ட பகுதிகளில் வசித்த, பிரசவம் நெருங்கிய பெண்களுக்கு அறிகுறி இல்லாவிட்டாலும் கொரோனா பரிசோதனை செய்ய வேண்டும் என்று 2020 ஏப்ரலில் வழிகாட்டிய இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், பரிசோதனை இல்லை என்ற காரணத்தால் பிரசவத்தைத் தாமதப்படுத்தக் கூடாது என்றும் அதே குறிப்பில் எழுதியது. முதல் வரி வாயில்காவலர்வரை சென்று சேர்ந்த வேகத்தில் இரண்டாவது வரி சேர்ந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

வாயிலைக் கடந்து உள்ளே சென்றவர்களும் பல இடங்களில் தனியாகவே வலியைத் தாங்க வேண்டியிருந்தது. பிரசவ அறையில் தாய்க்கு நம்பிக்கையான ஒருவர் உடனிருப்பது, வலி நேரத்தைக் குறைத்து, அறுவைச் சிகிச்சைக்கான தேவையையும் ஓரளவு குறைக்கிறது என்பது ஆய்வுகளால் நிறுவப்பட்ட செய்தி. தமிழக அரசு மருத்துவமனைகளில் 2004-இலேயே பிரசவத் துணைத் திட்டம் தொடங்கப்பட்டதற்கு அதுவே அடிப்படை. 2020 மார்ச்சில் நியூயார்க் நகரில் சில பெரிய மருத்துவமனைகள் கணவரையும் அனுமதிக்க மறுத்தபோது எழுந்த எதிர்ப்பின் விளைவாக, அம்மாதமே மாநில ஆளுநர் ஆணை பிறப்பித்து ஒருவரையாவது அனுமதிக்கச் செய்ய வேண்டியதாயிற்று.

அதைவிடக் கடுமையானது தாயையும் சேயையும் பிரித்தது. தொற்றுள்ள தாயிடமிருந்து குழந்தையைத் தற்காலிகமாகப் பிரித்து வைக்கும்படி அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2020 ஏப்ரலில் அறிவுறுத்தியது. சான்றுகள் வந்த பின் ஜூலையில் அதைத் திருத்திக்கொண்டது. முகக்கவசம் அணிந்து, கைகழுவித் தாய்ப்பால் ஊட்டலாம், குழந்தையை உடலோடு அணைத்து வைத்துக்கொள்ளலாம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. எடை குறைந்து பிறந்த குழந்தைகளுக்கு இது வெறும் பாசத்தின் கேள்வியன்று. இன்குபேட்டர்கள் போதாமையால் 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் தோன்றிய கங்காரு தாய் பராமரிப்பு முறை, தாயின் மார்பின் சூட்டிலேயே அக்குழந்தைகளைக் காப்பாற்றுகிறது. பிரித்து வைக்காமல் இம்முறையை எல்லாருக்கும் அளித்தால் வளரும் நாடுகளில் 1,25,000-க்கும் மேற்பட்ட சிசுக்களைக் காக்கலாம் என்றும், அதனால் கொரோனா தொற்றி இறக்கக்கூடிய சிசுக்கள் இரண்டாயிரத்துக்கும் குறைவு என்றும் 2021-இல் வெளியான ஒரு மதிப்பீடு கூறிற்று. அச்சம் எந்தப் பக்கம் எடை போட்டது என்பதை இந்த இரண்டு எண்களே சொல்லிவிடுகின்றன.

எதிர்பாராத ஒரு நற்செய்தியும் இடையில் வந்தது. 37 வாரங்களுக்கு முன் நிகழும் குறைப்பிரசவங்கள் ஊரடங்கின் முதல் மாதங்களில் சற்றுக் குறைந்தன. 26 நாடுகளின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்த ஆய்வு இதை மூன்று முதல் நான்கு விழுக்காடு என்று கணித்தது. ஓய்வு, காற்று மாசு குறைந்தமை, பிற தொற்றுகள் பரவாமை எனப் பல காரணங்கள் சொல்லப்பட்டாலும் எதுவும் உறுதிப்படவில்லை. டென்மார்க்கிலும் அயர்லாந்திலும் தொடக்கத்தில் வெளியான வியப்பூட்டும் எண்கள், பெரிய தரவுகளின் முன் மிகச் சுருங்கிவிட்டன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

தடுப்பூசியின் கதை தனியே சொல்லத் தக்கது. கருவுக்குத் தீங்கு நேருமோ என்ற முன்னெச்சரிக்கையால், 2020-இல் நடந்த முதல் தடுப்பூசிச் சோதனைகளில் கர்ப்பிணிகள் சேர்த்துக்கொள்ளப்படவில்லை. சோதனையில் இல்லாததால் சான்று இல்லை, சான்று இல்லாததால் பல நாடுகளில் பரிந்துரையும் இல்லை. காப்பதற்காக எழுப்பிய இந்தச் சுவருக்கு வெளியே 2021-இல் டெல்டா வகைக் கிருமி வந்து சேர்ந்தது. மும்பை நாயர் மருத்துவமனையின் தரவுகளைக் கொண்டு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் செய்த ஒப்பீட்டில், தொற்றுக்குள்ளான கர்ப்பிணிகளும் அண்மையில் பிரசவித்தவர்களும் இறந்த விகிதம் முதல் அலையில் 0.7 விழுக்காடாகவும் இரண்டாம் அலையில் 5.7 விழுக்காடாகவும் இருந்தது. டெல்டா பரவிய மாதங்களில் அமெரிக்க மருத்துவமனைகளில், பிரசவத்தின்போது தொற்று உள்ளதாகப் பதிவான தாய்மார்களிடையே குழந்தை இறந்து பிறக்கும் வாய்ப்பு, தொற்றில்லாதவர்களைவிட நான்கு மடங்காயிற்று. கருவுக்கு ஆக்சிஜன் கொண்டுசெல்லும் நஞ்சுக்கொடியையே கிருமி அழற்சிக்குள்ளாக்கிச் சிதைத்தது சில பிரசவங்களில் காணப்பட்டது. அந்நாட்டின் தாய் இறப்பு விகிதம் 2019-இல் லட்சம் பிறப்புகளுக்கு 20.1 ஆக இருந்து 2021-இல் 32.9 ஆக ஏறியது. கறுப்பினப் பெண்களுக்கு அது 69.9.

இந்தியாவில் இரண்டாம் அலை மே மாதத் தொடக்கத்தில் உச்சம் தொட்டுத் தணிந்த பின், 2021 ஜூலை 2 அன்று கர்ப்பிணிகளுக்குத் தடுப்பூசி அனுமதிக்கப்பட்டது. அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் ஆகஸ்ட் 11 அன்று வெளிப்படையாகப் பரிந்துரைத்தது. 2022 பிப்ரவரியில் அம்மையம் வெளியிட்ட ஆய்வொன்று, கர்ப்ப காலத்தில் தாய் தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்தால், நஞ்சுக்கொடி வழியே சேரும் எதிர்ப்புப் புரதங்களின் துணையால், ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தை கொரோனாவால் மருத்துவமனையில் சேர்க்கப்படும் அபாயம் 61 விழுக்காடு குறைகிறது என்று தெரிவித்தது.