நைதரசன் பசளையும் வயல் நீரும்

நெற்செய்கைக்குக் கமக்காரர் வாங்கும் பசளைகளுள் அளவில் மிகுந்தது யூரியாவாகும். மிகுதியாக வீணாவதும் அதுவே. பொசுபரசுப் பசளை மண்ணோடு பற்றி நிற்கும். இப்போகத்திற் பயிர் எடாது விட்டதில் ஒரு பகுதி அடுத்த போகத்துக்கு உதவும். நைதரசன் அத்தகையதன்று. அது நீரோடும் செல்லும், வளியோடும் செல்லும். நீர் நிற்கும் வயலில் யூரியாவை வீசினால், அதிலுள்ள நைதரசனில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கே பயிரைச் சேர்கின்றதெனப் பல நாடுகளின் நெல் ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. 50 கிலோகிராம் மூட்டையொன்றில் நைதரசன் 23 கிலோகிராம் உண்டு. அதில் எட்டுக் கிலோகிராமளவே பயிருக்காகின்றது. எஞ்சியதிற் சிறிது மண்ணில் தங்கும். மற்றையது கமக்காரரின் பணமாகவே போய்விடுகின்றது.

2005 ஆம் ஆண்டில் தொடங்கிய மானியத் திட்டத்தின் கீழ் மூட்டையொன்று 350 ரூபாவுக்குக் கிடைத்த காலத்தில் இவ்விழப்பை எவரும் பெரிதாகக் கருதவில்லை. 2021 ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நவம்பரில் அத்தடை தளர்த்தப்பட்டபோதும், பெரும்போகப் பயிருக்கு வேண்டிய வேளையில் யூரியா கிடைக்கவில்லை. விளைச்சல் பெரிதும் குறைந்தது. அதன்பின் பசளையின் விலை பன்மடங்கு ஏறியது. ஆதலின், மூட்டையில் உள்ளதைப் பயிரின் வேருக்குச் சேர்ப்பது எவ்வாறு என்பதை இன்று ஒவ்வொரு கமக்காரரும் அறிந்திருத்தல் வேண்டும்.

யூரியா மண்ணிற் சேர்ந்த சில நாட்களுள் அமோனியமாக மாறுகின்றது. களித்துணிக்கைகள் அமோனியத்தைப் பற்றி வைத்திருக்கும். ஆனால் ஒட்சிசன் உள்ள இடத்தில் நுண்ணுயிர்கள் அதனை நைத்திரேற்றாக்கிவிடும். நைத்திரேற்றைக் களி பற்றாது. நீர் செல்லும் வழியே அது செல்லும். நீர் நிற்கும் வயலின் மண்ணைக் கவனமாக வெட்டிப் பார்ப்பின், மேலே சில மில்லிமீற்றர் தடிப்பில் கபிலநிறப் படையொன்றும், அதன்கீழ் நீலச்சாம்பல் நிறச் சேறும் காணப்படும். மேற்படையில் ஒட்சிசன் உண்டு, கீழ்ச்சேற்றில் இல்லை. மேற்படையில் உண்டான நைத்திரேற்று கீழே இறங்கியதும், அங்குள்ள நுண்ணுயிர்கள் அதிலுள்ள ஒட்சிசனைத் தாம் எடுத்துக்கொண்டு நைதரசனை வளியாக வெளியேற்றுகின்றன. வயல் காய்ந்து வெடித்துப் பின் மீண்டும் நீர் நிரம்பும்போது இவ்விழப்பு மேலும் மிகும். வெடிப்பினூடாக ஒட்சிசன் ஆழத்துக்குச் சென்று அங்கிருந்த அமோனியத்தையும் நைத்திரேற்றாக்கி வைப்பதே இதற்குக் காரணம்.

மற்றொரு வழி நீரின் மேற்பரப்பாகும். நீரிலுள்ள பாசி பகல் வெயிலிற் காபனீரொட்சைட்டை எடுத்துவிட, நீர் காரத்தன்மை அடைகின்றது. அவ்வேளையில் நீரிற் கரைந்துள்ள அமோனியம், அமோனியா வளியாகிக் காற்றோடு போகும். பயிர் சிறிதாயிருந்து நிழல் படியாத முதல் வாரங்களில், காற்று வீசும் நண்பகலில், இது மிகக் கடுமையாக நிகழும்.

எனவே யூரியா நீருக்கு இடும் பொருளன்று, மண்ணுக்கு இடும் பொருள் என்பதை மனத்திற் கொள்ளல் வேண்டும். அடிக்கட்டாக இடுவதாயின் கடைசி உழவிற் சேற்றோடு கலந்துவிடுதல் நன்று. மேற்கட்டாக இடும்போது முதலிற் களையைப் பிடுங்கி, நீரை வடித்து, மண் சேறாக மட்டும் இருக்கும் நிலையில், இலையின் ஈரம் உலர்ந்த மாலை வேளையில் தூவுதல் வேண்டும். பின்னர் மெல்ல நீர் பாய்ச்சினால் அந்நீரே பசளையைச் சேற்றினுள் இறக்கிவிடும். நீர் பாய்ச்ச இரண்டு மூன்று நாட்களுக்கு மேல் தாமதித்தலாகாது. மண் வெடிக்க இடங்கொடுத்தல் கூடவே கூடாது. குளத்து நீர் முறைவைத்து வரும் சிறுபோகத்தில், பசளை இடும் நாளை நீர்முறையின் நாளோடு பொருத்திக்கொள்ளல் வேண்டும். பெரும்போகத்திற் கருமேகம் சூழ்ந்திருக்கும் நாளைத் தவிர்க்க. வரம்பிலுள்ள நண்டுத் துளைகளை அடைக்காது பசளை இடுபவர், கீழ் வயற்காரருக்கே பசளை இடுகின்றார்.

அடுத்து, இடும் காலம். முளைத்துச் சில நாட்களேயான பயிர் எடுக்கும் நைதரசன் சொற்பம். மட்டம் வெடிக்கும் காலத்திலும், குருத்தினுள் கதிர் கருக்கொள்ளும் காலத்திலுமே அதன் தேவை மிகுதி. மூன்றரை மாத இனங்களில் விதைத்து ஏறக்குறைய ஆறு வாரத்திற் கதிர் கருக்கொள்ளும். ஆகையால் முழு அளவையும் மூன்று நான்கு தடவைகளாகப் பிரித்து இடுதலே முறை. மணற்பாங்கான வயல்களில் தடவைகளைக் கூட்டி, ஒவ்வொரு தடவையும் இடும் அளவைக் குறைத்தல் வேண்டும். அயலவர் வயல் கரும்பச்சையாக இருக்கின்றதென்று மேலும் ஒரு மூட்டையை வீசுவோர் பலர். கரும்பச்சை நல்விளைவின் அடையாளமன்று. அத்தகைய பயிரை எரிபந்த நோயும் கபிலநிறத் தத்தியும் நாடி வரும். கதிர் முற்றும் வேளையிற் பயிர் சாய்ந்துவிடும். 1950களின் இறுதியில் வெளிவந்த எச்-4 இனம் நன்றாக விளைந்தபோதும், உயரமான அதன் தண்டு மிகுந்த நைதரசனைத் தாங்கவில்லை. பின்னர் வந்த குட்டை இனங்கள் கூடுதலாகத் தாங்குமாயினும் அதற்கும் எல்லையுண்டு. இலை நிற அட்டையை வைத்து, நன்கு விரிந்த மேலிலைகள் பத்தை உடலின் நிழலில் ஒப்பிட்டுப் பார்த்து இடுபவருக்குப் பசளை மீதமாகும்.

பசளை இட்ட வயலிலும், பயிர் எடுக்கும் நைதரசனிற் பாதியளவோ அதற்கு மேலோ மண்ணின் சேதனப் பொருளிலிருந்தே வருகின்றது. அவ்வாறிருக்க, சூடடித்தபின் வைக்கோலை எரிப்பது பொருந்தாச் செயல். எரித்தால் அதிலுள்ள நைதரசன் ஏறக்குறைய முழுவதும் புகையோடு போகும். வைக்கோலை வயலிற் பரப்பி, விதைப்புக்குச் சில வாரங்களுக்கு முன்னரே உழுது மக்கவிடுதல் வேண்டும். காலந்தாழ்த்தி உழுதால் மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் மண்ணின் நைதரசனைத் தாமே எடுக்க, இளம்பயிர் மஞ்சளாகும். பூவரசு, கிளிரிசீடியா இலைகளைச் சேற்றில் மிதித்தலும் பயன் தரும். எனினும் நல்ல கூட்டெருவிலும் நைதரசன் நூற்றுக்கு ஒன்று அல்லது ஒன்றரைப் பங்கே. ஹெக்டேயருக்கு 100 கிலோகிராம் நைதரசனைக் கூட்டெருவால் மட்டும் கொடுக்கப் பத்துத் தொன் வரை வேண்டும். அதுவும் ஒரே போகத்திற் பயிருக்கு முழுமையாகக் கிடையாது. சேதனப் பசளை மண்ணைத் திருத்தும்; யூரியா வேண்டிய வேளையிற் பயிருக்கு ஊட்டும். ஒன்றுக்கு மற்றையது ஈடாகாது.

தோட்டச் செய்கையாளருக்கு நீரால் நேரும் தீங்கு வேறுவகையானது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் செம்மண் தோட்டங்களில் ஒட்சிசன் தாராளமாக உண்டு. அங்கு யூரியா விரைவில் நைத்திரேற்றாகின்றது. வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் மிகையாக இறைக்கும் நீர் அதனைச் சுண்ணக்கற் பாறையினூடாக நிலத்தடிக்கு இறக்குகின்றது. அதே நிலத்தடி நீரே வீட்டுக் கிணற்றிலும் உள்ளது. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்பட்ட நைத்திரேற்று, புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகளின் குருதி ஒட்சிசனைக் கொண்டுசெல்வதைத் தடுக்கக்கூடும். கொதிக்க வைப்பதால் அது நீங்காது. ஆகவே தோட்டத்துக்குப் பசளையைச் சிறுசிறு அளவாக வேரருகே இட்டு மண்ணால் மூடி, வேர் எட்டும் ஆழம் நனையுமளவுக்கே இறைத்தல் வேண்டும். கைக்குழந்தை உள்ள வீட்டார், தோட்டத்தை அடுத்துள்ள கிணற்று நீரைப் பரிசோதித்தபின்னரே பால் கரைக்கப் பயன்படுத்தல் வேண்டும்.