முந்திரிகைத் தோட்டமும் மீன் பூத்த வானமும்

மண்ணை நம்பி வாழும் உழவனுக்கும் விண்ணை ஆராயும் அறிஞனுக்கும் பொதுவாக யாது உளது? இருவரும் காலத்தைக் கணிப்பவர்கள் என்று கூறி அமைதல் எளிது. ஆயின், தென்னமெரிக்காவின் சிலி நாட்டிலே எல்கி என்றொரு பள்ளத்தாக்கு இருக்கிறது. ஆங்கே இவ்விருவரும் இயற்கையின் ஒரே கொடையைப் பகிர்ந்துண்டு வாழ்கின்றனர். அக்கொடை, மழையில்லாத வானம்.

சந்தியாகோ நகருக்கு வடக்கே ஏறத்தாழ 470 கிலோமீற்றர் தொலைவில் லா செரேனா என்னும் கடற்கரைப் பட்டினம் உள்ளது. எல்கி ஆறு அங்கேதான் பசுபிக் சமுத்திரத்தோடு கலக்கிறது. அவ்வாற்றின் கரையைப் பற்றிக்கொண்டு அந்தீசு மலையை நோக்கி 60 கிலோமீற்றர் சென்றால் விக்குனியா என்னும் சிற்றூரை அடையலாம். இருபுறமும் புல்பூண்டற்ற கபில நிற மலைகள். அவற்றின் அடிவாரத்திலே, ஆற்று நீர் எட்டுமளவுக்கு மாத்திரம், முந்திரிகைப் பந்தல்களின் பசுமை. பாய்ந்த நீருக்கும் பாயாத நீருக்கும் இடையே கோடு கிழித்தாற் போன்ற அக்காட்சியை நான் வேறெங்குங் கண்டதில்லை.

இவ்வறட்சிக்குக் காரணம் உண்டு. சிலியின் கரையோரமாகத் தெற்கிலிருந்து வடக்கு நோக்கிக் குளிர்ந்த அம்போல்ற்று நீரோட்டம் ஓடுகிறது. அதன் குளிர்ச்சியால் கடலோரத்து ஈரக்காற்றும் மூடுபனியும் தாழ்வாகவே தங்கிவிடுகின்றன. கிழக்கிலிருந்து வரக்கூடிய ஈரத்தை அந்தீசு மலை தடுத்துவிடுகிறது. இடைப்பட்ட பள்ளத்தாக்கிலோ ஆண்டில் ஏறத்தாழ முந்நூறு இரவுகள் முகிலற்றவை. பகலில் வெயில் கனியை இனிப்பிக்கிறது. இரவின் குளிர் அதன் புளிப்பைக் காக்கிறது. தெளிந்த காற்றோ விண்மீனொளியைக் குலையாமற் கொணர்கிறது. பழத்துக்குச் சுவையூட்டும் காரணமே வானுக்குந் தெளிவூட்டுகிறது என்க.

ஒரு மார்ச்சு மாதத்தில், இப்பள்ளத்தாக்கிலே ஒரு குடும்பத்தார் நடத்தும் சிறிய முந்திரிகைத் தோட்டமொன்றில் இரண்டு நாட்கள் தங்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. தாயும் தந்தையும் மக்களுமாக உழைக்கின்ற இல்லம் அது. தென்கோளத்துப் பருவங்கள் எமக்குத் தலைகீழானவை. ஆடி, ஆவணியிற் கொடிகள் இலையுதிர்த்து உறங்குங்கால் கவ்வாத்து நிகழும். புரட்டாதியில் துளிர் வரும். மாசி, பங்குனியிற் குலைகள் கொய்யப்படும். எமது யாழ்ப்பாணத்து முந்திரிகைக்கு இவ்வுறக்கம் இல்லை. உரும்பிராயிலும் நீர்வேலியிலும் கவ்வாத்துச் செய்தே கொடியை எழுப்பி, ஆண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை பயன்கொள்வர். இதனை நான் கூறியபோது அவ்வீட்டுத் தந்தையார் வியந்து, உறங்காத கொடி களைத்துப் போகாதா என்று வினவினார். உழவனுக்கே தோன்றும் வினா அது.

அறுவடைக் கொண்டாட்டத்தை அவர்கள் வெந்திமியா என்பர். அயலவர் வந்து கூடைகளுடன் குலை கொய்வதும், தொட்டியிலிட்ட பழத்தைச் சிறுவர் காலால் மிதிப்பதும், கித்தார் இசையோடு பாடுவதும், பொதுவிருந்துண்பதும் அதன் உறுப்புகள். பிழிந்த சாற்றை மதுவம் நொதிக்கச் செய்கிறது. வெல்லம் அற்ககோலாகவும் காபனீரொட்சைட்டாகவும் மாறுகிறது. அம்மதுவைச் செப்புக் கலத்தில் வடித்தெடுப்பதே பிஸ்கோ. 1931ஆம் ஆண்டிலே இப்பெயரைச் சிலி அரசாங்கம் சட்டத்தாற் காத்தது. பெயர் தமக்கே உரியதென்று பெரு நாட்டாரும் வாதிடுவர். அவ்வழக்கு இன்னுந் தீரவில்லை. மதுவருந்தும் வழக்கம் எனக்கில்லையாதலின், நொதியாத புதுச்சாற்றையே ஒரு குவளை தந்தனர். அதன் இனிமை சொல்லில் அடங்காது.

இரவானதும் தோட்டத்தின் மற்றொரு முகம் தோன்றுகிறது. அவர்கள் சுவரில் இரண்டு நாட்காட்டிகள் தொங்குகின்றன. ஒன்று கொடிக்குரியது, மற்றையது சந்திரனுக்குரியது. அமாவாசையை அண்டிய இரவுகளிலேயே விருந்தினரை வான்காண அழைக்கின்றனர். வீட்டு விளக்குகள் யாவும் அணைக்கப்படும். நடைபாதையில் மட்டும் செந்நிறத் தாள் சுற்றிய சிறு விளக்குகள். கண் இருளுக்குப் பழகக் கால்மணி நேரத்துக்கு மேலாகும். பின்னர், பந்தலுக்கு அப்பாலுள்ள களத்தில் ஒரு சிறு தொலைகாட்டியை நிறுத்தி, மூத்த மகள் விளக்கஞ் சொல்கிறாள்.

எமது நாட்டில் உச்சியை அண்டிச் செல்லும் வேட்டுவன் விண்மீன் கூட்டம் ஆங்கே வடபால் தலைகீழாய் நின்றது. திருவாதிரை கீழே கிடந்தது. யாழ்ப்பாணத்திலே தென்திசையில் தாழ்வாகத் தோன்றும் அகத்திய மீனோ தலைக்குமேல் உயர்ந்து ஒளிவீசியது. தென்கீழ்த் திசையில் தென்சிலுவை சாய்ந்தெழுந்தது. இவற்றுக்கிடையே, கிழிந்த முகிற்றுண்டு போன்ற மகலனின் பெருமுகிலைக் கண்டேன். அது முகிலன்று, ஏறத்தாழ 160,000 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள பிறிதொரு விண்மீன் திரள்.

இவ்விருளின் பெருமையை அறிஞர் முன்னரே உணர்ந்திருந்தனர். 1962ஆம் ஆண்டில் அயலிலுள்ள செர்ரோ தொலோலோ என்னும் மலை வானோக்கு நிலையத்துக்கெனத் தெரிவுசெய்யப்பட்டது. அகிலத்தின் விரிவு விரைவடைந்து வருகிறதென 1998இல் வெளியான முடிவுக்கு அங்குப் பெற்ற அவதானங்களுந் துணைநின்றன. அம்முடிவு கண்டோர் 2011இல் நோபல் பரிசு பெற்றனர். அருகிலுள்ள செர்ரோ பச்சோன் மலையில் 8.4 மீற்றர் விட்டமுள்ள ஆடியைக் கொண்ட வேரா ரூபின் வானோக்கு நிலையம் 2025 யூனில் தன் முதற் படங்களை வெளியிட்டது. உலகின் முதலாவது இருள்வானப் புகலிடமும் இங்கேதான் 2015இல் அறிவிக்கப்பட்டது. அதற்கு ஓர் ஆசிரியையின் பெயரைச் சூட்டினர்.

அவர் கபிரியேலா மிஸ்திரால். 1889இல் விக்குனியாவிற் பிறந்து, மொந்தே கிராந்தே என்னும் கிராமத்தில் வளர்ந்து, நாட்டுப்புறப் பள்ளிகளிற் கற்பித்தவர். 1945இல் இலத்தீன் அமெரிக்காவிலிருந்து இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்ற முதல்வர் அவரே. 1957இல் நியூயோர்க்கில் மறைந்தார். தம் விருப்பப்படியே மொந்தே கிராந்தேயில் அடக்கஞ்செய்யப் பெற்றார். தென்னமெரிக்காவில் விற்கப்படும் தம் நூல்களின் வருவாய் அக்கிராமத்துக் குழந்தைகளுக்கே சேரவேண்டுமென்றும் எழுதிவைத்தார். படைவீரர்க்கும் அரசர்க்கும் மலைகளைப் பெயரிடும் உலகில், இருளுக்கு ஓர் ஆசிரியையின் பெயரிட்டமை எம் போன்றோர் நெஞ்சைக் குளிர்விப்பதாகும்.

எனினும் இவ்வாழ்வு அச்சமற்றதன்று. 2010ஆம் ஆண்டு முதலாகச் சிலியின் நடுப்பகுதியைப் பல்லாண்டு வாட்டிய வறட்சி இப்பள்ளத்தாக்கையும் விடவில்லை. முகிலற்ற இரவு தொலைகாட்டிக்கு விழா. கொடிக்கோ அது பனிபெய்யாத மலை, வற்றிய வாய்க்கால். விருந்தினர் கொணரும் பொருளால் தோட்டம் பிழைக்கிறது. ஆனால் அவர்களுக்கெனக் கட்டப்படும் விடுதிகளின் விளக்கொளி, அவர்கள் நாடிவந்த இருளையே தின்கிறது. வான்மாசைத் தடுக்க 1998 தொடக்கம் விதிகள் உள. அவற்றைக் கைக்கொள்ள மனமும் வேண்டுமன்றோ? இரண்டு கிராமங்களின் ஒளி இப்போது மலைமுகட்டில் வெண்மையாய்த் தெரிவதை அம்மகள் எனக்குச் சுட்டிக்காட்டினாள். தன் சிறுவயதில் அம்முகடு கருமையாகவே இருந்ததென்றாள். தங்கள் தோட்டத்துக்கு மேலும் விருந்தினரை அழைக்கலாமாயினும், ஓரிரவுக்குப் பன்னிருவருக்கு மேல் வேண்டாமென்று குடும்பத்தார் முடிவு செய்திருக்கின்றனர். வருவாய் குறைவுதான்; இருள் நிலைத்தால் பேரருக்கும் தொழில் உண்டு என்பது அவர்கள் கணக்கு.

பொருளைச் சேமித்தல் சிக்கனம் என்பர். இருளைச் சேமிக்கவும் ஒரு சிக்கனம் வேண்டுமென்பதை அவ்வுழவர் வீட்டிற்றான் கற்றேன். எம் மாணவர் இருபத்தேழு நட்சத்திரங்களின் பெயர்களையும் மூச்சுவிடாமல் ஒப்புவிப்பர். வானத்தில் உரோகிணியைக் காட்டென்றால் திகைப்பர். குற்றம் அவர்களுடையதன்று, அவர்களுக்கு நாம் விட்டுவைத்த இருள் குறைவு. பாடசாலை முற்றத்து விளக்குகளை மாதத்தில் ஓர் அமாவாசையன்று ஒருமணி நேரம் அணைத்துவைக்கப் பெருஞ்செலவு எதுவுமில்லை. ஆசிரியர்கள் இதனைச் செய்து பார்ப்பார்களாக.