மலைநாட்டுத் தண்ணீர்: காசல்ரீ ஓரத்து மேய்ச்சல்

போன வாரம் ஓடைகளோடு நடந்தோம். இந்த வாரம் அவை போய்ச் சேரும் காசல்ரீ நீர்த்தேக்கம்.

முக்குளித்து மேயும் வாத்துகள் என்றாலே பறவை நூல்கள் வட ஐரோப்பாவின் குடாக்களுக்கு நம்மை இழுத்துப் போகும். அங்கே ஈடர் வாத்துகள் கடலடிக்கு இறங்கிச் சிப்பிகளைப் பிடுங்கி ஓட்டோடு விழுங்கும். நொறுக்கும் வேலையை இரைப்பை பார்த்துக்கொள்ளும். அந்தக் கூட்டமெல்லாம் நமக்கு இல்லை; குடாக்கள் இருக்கின்றன. 1965இல் கெஹெல்கமு ஓயாவை அணை கட்டி மறித்தபோது, பள்ளத்தாக்கின் ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் தண்ணீர் ஏறியது. நோர்வூட் வீதியில் பஸ்ஸில் போகிறவர்களுக்கே தெரியும், தேயிலை மலை எப்படி நீர் விளிம்பு வரை இறங்கி நிற்கிறது என்று. அந்த ஒடுங்கிய மடிப்புகளில்தான் மேய்ச்சல். ஆழமான நடுப்பகுதியை விட்டுவிடலாம்.

நீர்க்காகத்தை எல்லோரும் பார்த்திருப்போம், பெரும்பாலும் சிறகை விரித்துக் காயவைக்கும் கோலத்தில். அதன் வெளியிறகு நனையக்கூடியது. அது குறை மாதிரித் தோன்றினாலும் இறகில் காற்று தங்காததால்தான் சுலபமாக அமிழ முடிகிறது. நான்கு விரல்களையும் இணைக்கும் சவ்வு துடுப்பாகிறது. சில நாள் கூட்டமாக வரிசை கட்டி மீன்களை ஒதுக்கும். பின்னால் விழுந்தவை எழுந்து பறந்து முன்வரிசையில் குதிக்கும். ஒதுங்கி வரும் மீனுக்காகக் கரையில் கொக்கு காத்திருக்கும். உழைப்பு ஒருவருடையது!

எனக்குப் பிடித்தது முக்குளிப்பான். கையடக்கமான பறவை, வால் இல்லாதது போலிருக்கும். கால்கள் உடம்பின் கடைசியில் பொருந்தியிருப்பதால் தரையில் தடுமாறும், தண்ணீருக்குள் அம்பு. சவ்வுக்குப் பதில் ஒவ்வொரு விரலிலும் தட்டையான மடல். இறகுகளை அழுத்திக் காற்றை வெளியேற்றிவிட்டுச் சத்தமில்லாமல் கீழே போய்விடும். அது முங்கிய இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் ஏமாற்றம்தான். சற்று விலகி, புல் ஓரமாகப் பார்வையை வைக்க வேண்டும். சின்ன மீன், நீர்ப்பூச்சி, தலைப்பிரட்டை எதுவானாலும் சரி. இதோடு தன் இறகையே விழுங்கும், குஞ்சுக்கும் ஊட்டும். இரைப்பையில் அந்த இறகுகள் மெத்தையாகி, மீன்முள் குத்தாமல் காக்கின்றன என்று கருதப்படுகிறது. இன்னொன்று: மரபணு ஆய்வுகளின்படி இதற்கு மிக நெருங்கிய சொந்தம் வாத்து அல்ல, பூநாரை! மன்னார்ப் பக்கம் நெட்டைக் காலில் நிற்பவருக்கும் இந்தக் குள்ளனுக்கும் ஒரே வம்சம்.

இவை எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பெரிய துரை உண்டு: மின்சாரம். காசல்ரீ நீர் விமலசுரேந்திர மின்நிலையத்துக்குப் போகிறது. கோடையில் மட்டம் இறங்கும். தென்மேல் பருவமழை வந்தால் ஏறும். பக்கத்து மவுசாகலையில் மட்டம் நன்றாகக் குறையும் ஆண்டுகளில், 1969இல் மூழ்கிய பழைய மஸ்கெலியாவின் கோயில் வெளியே வரும், சனம் பார்க்கப் போகும். முக்குளிப்பானுக்கு அது வேடிக்கை அல்ல. அதன் கூடு நீர்த்தாவரங்களில் கட்டிய மிதவை. வெளியே போகும்போது முட்டைகளைப் பாசியால் மூடிவிட்டுப் போகும். மட்டம் திடீரென இறங்கினால் மிதவை தரைதட்டி, நரிக்கும் நாய்க்கும் வழி திறக்கும். அதனால் கூட்டைத் தேடுகிறவர்கள் பெரிய தேக்கத்தின் கரையில் நாளைக் கழிக்காமல், மட்டம் அதிகம் மாறாத சிறு குளங்களின் புல்லோரங்களில் பாருங்கள்.

(தொடரும்)