மறுப்புக் கடிதம் முடிவன்று!

நம் மஹல்லாக்களில் சுவரைப் பற்றிக்கொண்டு நடக்கும் பிள்ளையும், படுக்கையே உலகமாகிவிட்ட பெரியவரும் உள்ள இல்லங்கள் சிலவேனும் இருக்கவே செய்கின்றன. அவ்வில்லங்களுக்கு மாதந்தோறும் வரும் அரசு உதவித்தொகை, மருந்துக்கும் அரிசிக்கும் ஆதாரமாகிறது. அத்தொகை மறுக்கப்பட்டால், "நம் நஸீபு இவ்வளவுதான்" என்று பெருமூச்சு விட்டு, காகிதங்களைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடும் உம்மாமார்கள் பலர். அப்பெட்டியைத் திறக்கச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இயலாமையுற்ற குடிமக்களுக்கு அரசு உதவ வேண்டும் என்று நம் அரசியலமைப்பின் 41ஆம் பிரிவு வழிகாட்டுகின்றது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 அவர்களுக்கான சமூகப் பாதுகாப்பை அரசின் கடமையாக்கியுள்ளது. ஆகவே இத்தொகை எவரோ இரங்கித் தரும் ஸதகா அன்று. கேட்பதில் நாணமும் வேண்டியதில்லை. மறுத்தால் மீண்டும் கேட்பதில் தயக்கமும் வேண்டியதில்லை.

மறுத்தவர் யார்?

முதலில் தெளிய வேண்டியது இது. மறுப்பு இரண்டு இடங்களிலிருந்து வரலாம். ஒன்று, ஊனத்தின் அளவைச் சான்றளிக்கும் மருத்துவக் குழு. மற்றொன்று, தொகையை வழங்கும் அலுவலகம். இரண்டிற்கும் வாசல்கள் வேறு வேறு. தவறான வாசலில் தட்டிக்கொண்டே மாதங்களை இழந்தோர் உண்டு.

சட்டப்படியான பல சலுகைகளுக்கு 40 சதவீத ஊனம் அடிப்படை அளவாகும். மத்திய அரசின் இந்திரா காந்தி தேசிய ஊனமுற்றோர் ஓய்வூதியத் திட்டமோ 80 சதவீதத்தை வேண்டுகிறது. ஆகவே சான்றிதழில் எழுதப்படும் ஓர் எண்ணே ஒரு குடும்பத்தின் அடுப்பைத் தீர்மானித்துவிடுகிறது. அந்த எண் தவறென்று கருதுவோர், மேற்சொன்ன சட்டத்தின் 59ஆம் பிரிவின்படி, மாநில அரசு நியமித்துள்ள மேல்முறையீட்டு அதிகாரியிடம் முறையிடலாம். இதற்கான கால வரம்பை வகுக்கும் அதிகாரம் மாநில அரசுக்கே உண்டு. எனவே சான்றிதழ் கைக்கு வந்த வாரத்திலேயே மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அவ்வரம்பைக் கேட்டறிதல் நலம். சான்றுக்கே தகுதியில்லை எனக் கண்டால், அதற்கான காரணத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் விதிகள் கூறுகின்றன.

சான்றிதழ் சரியாக இருந்தும் தொகை மறுக்கப்பட்டால் வழி வேறு. வருவாய்த்துறை வழங்கும் ஓய்வூதியமாயின் வட்டாட்சியருக்கு மேல் கோட்டாட்சியரும், அவருக்கு மேல் மாவட்ட ஆட்சியரும் உளர். ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைதோறும் நடைபெறும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு அளித்து, ஒப்புகைச் சீட்டைத் தவறாது பெற்றுக்கொள்ள வேண்டும். மாற்றுத்திறனாளிகளின் உரிமை மறுக்கப்படுவதை விசாரிக்க, மாநில ஆணையர் ஒருவரும் இச்சட்டத்தின்படி உள்ளார்.

வாய்ச்சொல் போதாது

"உங்களுக்குக் கிடைக்காது, போய்வாருங்கள்" என்று சாளரத்தில் சொல்லப்படும் சொல்லை எதிர்த்து மேல்முறையீடு செய்வது கடினம். ஆகவே மறுப்பை எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால், தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 துணை நிற்கும். 10 ரூபாய்க் கட்டணத்துடன், "என் விண்ணப்பத்தின் மீது எடுக்கப்பட்ட முடிவு யாது? காரணம் யாது? கோப்பின் நகல் தருக" என்று எழுதினால் போதும். வறுமைக்கோட்டிற்குக் கீழுள்ளோருக்கு அக்கட்டணமும் இல்லை. 30 நாட்களுக்குள் பதில் தருதல் அலுவலகத்தின் கடமை.

காரணம் கைக்கு வந்தபின் மனுவை அக்காரணத்திற்கே விடையாக அமைக்க வேண்டும். வருமானம் மிகுதி என்றால் வருமானச் சான்று; ஊனம் குறைவு என்றால் சிறப்பு மருத்துவரின் அறிக்கை. துயரத்தைப் பக்கம் பக்கமாக எழுதுவதினும், அன்றாட வாழ்வில் எதனைத் தாமாகச் செய்ய இயலவில்லை என்பதை எளிமையாக எழுதுதல் மேல். கழிப்பறைக்குச் செல்லத் துணை தேவையா? எத்தனை அடி நடக்க இயலும்? இத்தகைய செய்திகளை, அவற்றைக் காட்டும் மருத்துவ ஆவணங்களோடு இணைத்துத் தருக. மூலச் சான்றுகளை எவரிடமும் விட்டுவராமல் நகல்களையே தருக.

எல்லாப் படிகளும் அடைபட்டால் உயர்நீதிமன்றத்தை நாடும் உரிமை உண்டு. வழக்கறிஞருக்குப் பணம் ஏது என்று கலங்க வேண்டாம். சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம், 1987இன்படி மாற்றுத்திறனாளிகளுக்கு வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அதற்கான அலுவலகம் உள்ளது.

எழுத்தறிந்தோர் இதில் செய்யக்கூடியது மிகுதி. ஜும்ஆவுக்குப் பின் அரை மணி நேரம், பள்ளிவாசல் திண்ணையில் கல்லூரி மாணவர் இருவர் அமர்ந்து மனு எழுதித் தந்தால் போதும். தேதிகளைக் குறித்து வைத்து, ஒப்புகைச் சீட்டுகளைக் கோவையில் சேர்த்து, அலுவலகத்திற்கு உடன் சென்றுவந்தால், தனியே நின்று குரல் நடுங்கும் ஒரு தாய்க்கு அதுவே பெரும் பலம். நம் தெருவில் பூட்டிக் கிடக்கும் பெட்டி எது என்பதை இந்த வாரமே விசாரிப்போமா?